மஜ்ஜைக்குள் ஒரு கொத்தனார்

முழங்கால் வலிக்கு ஆபரேஷன் வேண்டாம், உங்கள் இடுப்பெலும்பிலிருந்தே மருந்து எடுத்து உங்களுக்கே ஊசி போடுகிறோம் என்ற விளம்பரங்களை இப்போது பெரிய நகரங்களில் அடிக்கடி பார்க்க முடிகிறது. இடுப்பெலும்பில் ஊசியைச் செலுத்தி மஜ்ஜையை உறிஞ்சுவார்கள். அதை இயந்திரத்தில் சுழற்றிப் பிரித்து, கிடைக்கும் திரவத்தை மூட்டுக்குள் செலுத்துவார்கள். அதிலுள்ள ஸ்டெம் செல்கள் தேய்ந்துபோன குருத்தெலும்பை மறுபடி வளர்த்துவிடும் என்பது வாக்குறுதி. செலவு கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும், மாடிப்படி ஏற முடியாமல் தவிக்கும் அம்மாவுக்காகக் கடன் வாங்கியாவது செய்துவிடலாம் என்று நினைக்கிற பிள்ளைகள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

வாக்குறுதியில் பாதி உண்மை. எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் மாறக்கூடிய செல்கள் மஜ்ஜையில் இருப்பது நிஜம். மீதிப் பாதியை எடைபோட, அந்தச் செல்கள் எப்படி எலும்பாகின்றன என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

மஜ்ஜை என்றால் ரத்தம் தயாராகும் இடம் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். 1960களில் மாஸ்கோவின் கமலேயா ஆராய்ச்சி நிலையத்தில் (2020-ல் ஸ்புட்னிக் தடுப்பூசியைத் தயாரித்த அதே நிலையம்தான்) அலெக்சாண்டர் ஃப்ரீடன்ஸ்டைன் என்ற விஞ்ஞானி, மஜ்ஜைத் துணுக்குகளை எடுத்து இன்னொரு விலங்கின் சிறுநீரகத்தைப் போர்த்தியிருக்கும் உறைக்கு அடியில் வைத்துப் பார்த்தார். எலும்புக்குச் சம்பந்தமே இல்லாத அந்த இடத்தில் எலும்பு வளர்ந்தது. எலும்புக்குள் மஜ்ஜையும் உருவாயிற்று. சோதித்துப் பார்த்ததில், எலும்பு முழுக்க மஜ்ஜையைக் கொடுத்த விலங்கின் செல்களால் ஆனது. உள்ளே உற்பத்தியான ரத்த செல்களோ அதை ஏற்றுக்கொண்ட விலங்கினுடையவை. வீட்டைக் கட்டியவர் ஒருவர், குடிவந்தவர் இன்னொருவர். ரத்தம் தயாரிக்கும் செல்களோடு, எலும்பு கட்டும் கொத்தனார் செல்லும் மஜ்ஜையில் ஒளிந்திருப்பது அப்படித்தான் தெரியவந்தது.

இந்தச் செல்களைப் பிடிப்பதற்கு ஃப்ரீடன்ஸ்டைன் கண்ட வழி மிக எளிமையானது. மஜ்ஜையைத் தட்டில் ஊற்றி வைத்தால் ரத்த செல்களில் பெரும்பாலானவை மிதக்கும். சில செல்கள் மட்டும் அடியில் ஒட்டிக்கொள்ளும். மிதப்பவற்றைக் கொட்டிவிட்டால் ஒட்டியவை பெருகத் தொடங்கும். ஒவ்வொரு கூட்டமும் ஒரே ஒரு செல்லின் வம்சம். ஆனால் எண்ணிக்கையில் இவை அபூர்வம். மஜ்ஜையிலுள்ள உட்கரு கொண்ட செல்களில் பத்தாயிரத்துக்கு ஒன்று, சில சமயம் லட்சத்துக்கு ஒன்று. இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

1991-ல் அமெரிக்காவின் க்ளீவ்லாந்தில் இருந்த ஆர்னால்ட் கேப்லன் இவற்றுக்கு ‘மீசென்கைமல் ஸ்டெம் செல்’ என்று பெயர் சூட்டினார். கருவில் எலும்பு, குருத்தெலும்பு முதலியவற்றை உண்டாக்கும் தளர்வான திசுவுக்கு மீசென்கைம் என்று பெயர். அதன் வாரிசு பெரியவர்களின் மஜ்ஜையிலும் இருக்கிறது என்பது அவர் கருத்து. 1999-ல் பால்டிமோரிலிருந்து வந்த ஆய்வு, மனித மஜ்ஜையிலிருந்து எடுத்த இத்தகைய செல்களை எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு என்று மூன்று திசையிலும் திருப்பிவிட முடியும் என்று காட்டியது. உலகம் முழுக்க உற்சாகம் பற்றிக்கொண்டது அதன் பிறகுதான்.

திருப்பிவிடுவது எப்படி? பரிசோதனைச் சாலையில் அதற்கென்று சமையல் குறிப்பே இருக்கிறது. எலும்பு வேண்டுமானால் வைட்டமின் சி, ஒரு பாஸ்பேட் உப்பு, டெக்ஸாமெதசோன் மூன்றையும் சேர்த்து மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். செல்கள் தம்மைச் சுற்றிக் கொலாஜன் என்ற புரதத்தை நெய்து, அதில் கால்சியத்தைப் படியவைக்கும். அலிசரின் என்ற சாயத்தை ஊற்றினால் தட்டு செக்கச்செவேலென்று ஆகும். குருத்தெலும்பு வேண்டுமானால் செல்களை உருண்டையாகத் திரட்டி, டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற புரதத்தைக் கொடுக்க வேண்டும். கொழுப்புக்கு இன்சுலினோடு வேறு சில பொருட்கள்.

டெக்ஸாமெதசோன் நமக்குத் தெரிந்த ஸ்டீராய்டு மருந்துதான். தட்டில் எலும்பு வளர்க்க உதவுகிற இதையே மாதக்கணக்கில் மாத்திரையாகச் சாப்பிட்டால் எலும்பு பலவீனமாகிவிடும். தட்டில் நடப்பது உடம்பிலும் அப்படியே நடக்கும் என்று நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

செல்லுக்குள் முடிவெடுப்பவை சில மரபணுக்கள். எலும்புத் திசைக்கு ரன்க்ஸ்-2, குருத்தெலும்புக்கு சாக்ஸ்-9, கொழுப்புக்கு பிபார்-காமா. 1997-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் ரன்க்ஸ்-2 இல்லாத எலிக்குஞ்சுகளை உருவாக்கினார்கள். குஞ்சுகளுக்கு எலும்புக்கூட்டின் வடிவம் இருந்தது, எலும்பு இல்லை. எல்லாம் குருத்தெலும்பாகவே நின்றுவிட்டது. விலா உறுதியில்லாததால் மூச்சுவிட முடியாமல் பிறந்தவுடன் இறந்துபோயின.

கருவில் கை கால் எலும்புகள் முதலில் குருத்தெலும்பாகத்தான் வார்க்கப்படுகின்றன. பிறகு அந்தச் செல்கள் உப்பி, ரத்தக் குழாய்கள் உள்ளே நுழைந்து, குருத்தெலும்பு இருந்த இடத்தை எலும்பு பிடித்துக்கொள்கிறது. மண்டையோட்டின் கூரை போன்ற சில எலும்புகள்தான் இந்த இடைக்கட்டம் இல்லாமல் நேராக உருவாகின்றன. கால் எலும்பு முறிந்து கூடும்போதும் பெரும்பாலும் பழைய கதையே திரும்ப நடக்கிறது. முறிவைச் சுற்றி முதலில் மெத்தென்ற குருத்தெலும்பு, பிறகு கெட்டி எலும்பு. ஆஸ்பத்திரி மாவுக்கட்டாகட்டும், புத்தூர் கட்டாகட்டும், எலும்பை அசையாமல் பிடித்து வைப்பதுதான் கட்டின் வேலை. ஒட்டவைப்பது உள்ளேயிருக்கும் செல்கள்.

சுற்றுப்புறமும் செல்லுக்கு உத்தரவு போடுகிறது. 2006-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இந்தச் செல்களை வெவ்வேறு கெட்டித்தன்மை கொண்ட ஜெல்களின் மேல் வளர்த்தார்கள். மூளைத் திசு போன்ற மெத்தையில் நரம்பு செல்லின் அடையாளங்கள், தசை போன்றதில் தசையின் அடையாளங்கள், கெட்டியானதில் எலும்பின் அடையாளங்கள் தோன்றின. பாரமும் முக்கியம். நடக்கிற எலும்பு வலுவாகிறது, மாதக்கணக்கில் படுக்கையில் கிடப்பவரின் எலும்பு கரைகிறது. வயதாக ஆக மஜ்ஜையில் கொழுப்பு ஏறுகிறது. எலும்பாக வேண்டிய செல்கள் கொழுப்பின் பக்கம் சாய்வதும் முதுமையில் எலும்பு மெலிவதற்கு ஒரு காரணம்.

இப்போது முழங்காலுக்கு வருவோம். எலும்பில் ரத்த ஓட்டம் உண்டு. அதனால் முறிந்தால் கூடும். மூட்டு முனையைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பில் ரத்தக் குழாயே கிடையாது. தேய்ந்தால் தானாக வளர்வதில்லை. மஜ்ஜை செல்லுக்கோ குருத்தெலும்பு என்பது எலும்புக்குப் போகிற வழியில் ஒரு ஸ்டேஷன் மாதிரி. அங்கேயே இறங்கிவிடச் சொன்னால் சுலபத்தில் கேட்பதில்லை. பரிசோதனைச் சாலையில் வளர்த்த குருத்தெலும்புகூட உப்பி எலும்பாகப் பார்ப்பது விஞ்ஞானிகளின் தீராத தலைவலி.

எலும்பு விஷயத்தில் நிலைமை வேறு. பாரிஸ் அருகே பிலிப் எர்னிகு என்ற எலும்பு டாக்டர், கூடாமல் போன முழங்கால் கீழ் எலும்பு முறிவுகள் 60-க்கு நோயாளிகளின் சொந்த மஜ்ஜையையே செறிவாக்கிச் செலுத்தினார். 2005-ல் வெளியான முடிவுகளின்படி 53 கூடிவிட்டன. கூடாத 7 பேருக்குச் செலுத்திய மஜ்ஜையில் மூலச் செல்களின் எண்ணிக்கை மற்றவர்களைவிடக் குறைவு. லட்சத்துக்கு ஒன்று கணக்கு இங்கேதான் வருகிறது. எத்தனை கொத்தனார்கள் போனார்கள் என்று எண்ணிப் பார்க்காமல், மஜ்ஜையைச் சுழற்றி ஊசி போட்டேன் என்று சொல்வதில் அர்த்தமில்லை.

பெயர் சூட்டிய கேப்லனே 2017-ல், இவற்றை ஸ்டெம் செல் என்று அழைப்பதை நிறுத்துங்கள் என்று எழுதினார். உடம்புக்குள் செலுத்தப்படும் செல்கள் புதுத் திசுவாக மாறுவதில்லை, மருந்து போன்ற பொருட்களைச் சுரந்து அக்கம்பக்கத்துச் செல்களைத் தூண்டுகின்றன, அவ்வளவுதான் என்பது அவர் வாதம். சுரப்பினால் வீக்கமும் வலியும் குறையலாம். அது சிறிய விஷயமல்ல. ஆனால் வலி குறைவது வேறு, குருத்தெலும்பு வளர்வது வேறு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தெளிவாகவே இருக்கின்றன. ரத்த நோய்களுக்காகச் செய்யப்படும் மஜ்ஜை மாற்று சிகிச்சையே நிரூபணமானது. மற்றவை அங்கீகாரம் பெற்ற ஆய்வுகளாக மட்டுமே நடக்கலாம். அதன்பின் சில தயாரிப்புகள் முறைப்படி சோதிக்கப்பட்டு அனுமதி பெற்றுள்ளன. கொடையாளர்களின் மஜ்ஜை செல்களைப் பெருக்கி பெங்களூர் நிறுவனம் ஒன்று தயாரித்த மூட்டுத் தேய்மான மருந்துக்கு 2022-ல் அனுமதி கிடைத்தது. அதுவும் தேய்மானம் முற்றாதவர்களுக்குத்தான். அந்த அனுமதி, எந்த கிளினிக்கும் எந்த மஜ்ஜையையும் ஊசியில் ஏற்றலாம் என்பதற்கான லைசென்ஸ் அல்ல.

ஆகவே பணம் கட்டுமுன் டாக்டரிடம் நாலு கேள்வி கேளுங்கள். இது அனுமதி பெற்ற மருந்தா, ஆய்வா? ஆய்வு என்றால் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதன் எண் என்ன, என்னிடம் பணம் எதற்கு? ஊசியில் எத்தனை செல்கள், எண்ணியது யார்? ஆறு மாதம் கழித்து குருத்தெலும்பு வளர்ந்ததா என்பதை ஸ்கேனில் காட்டுவீர்களா? நேரான பதில் வந்தால் யோசிக்கலாம். கோபம் வந்தால் எழுந்து வந்துவிடலாம். எடையைக் குறைப்பதும் தொடைத் தசைக்கான பயிற்சியும் முழங்காலுக்கு நல்லது செய்யும் என்பது நிரூபணமான விஷயம். அதற்குக் கடன் வாங்க வேண்டியதில்லை.