களைக்கு முதற்பசி

வேலூரில் நிணநீர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் நம் நண்பர் சோற்றையும் சர்க்கரையையும் அறவே விட்டுவிட்டார். கட்டியைப் பட்டினி போடுகிறாராம். அவருக்குத் துணையிருந்த நாள்களில் ஒருமுறை ஜவ்வாது மலையேறினோம். ஜமுனாமரத்தூரை அடுத்த சாமைக் கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்த மூதாட்டி சொன்னார்: "களைக்குத்தான் மொதப் பசி சார். பயிருக்கு மிச்சம்."

புற்றுநோய் என்றாலே போர், முற்றுகை என்று எழுதிப் பழகிவிட்ட நமக்கு அச்சொல் சுருக்கென்றது. கட்டியின் உயிரணுக்கள் குளுக்கோஸை அளவின்றி விழுங்கி லாக்டிக் அமிலத்தை வெளித்தள்ளுவதை ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டார். (பெட் ஸ்கேனில் கட்டி ஒளிர்வதும் இப்பெருந்தீனியால்தான்.) அதை அழிக்க வரும் டி அணுவுக்கும் அதே சர்க்கரை வேண்டும், கிடைப்பதோ அமிலச் சேறு. டி அணுவின் தடைகளை விலக்கும் மருத்துவம் 2018-இல் ஆலிசனுக்கும் ஹோஞ்சோவுக்கும் நோபல் பெற்றுத்தந்தது. அது பலரிடம் பலிக்காமைக்கு இப்பட்டினியும் ஒரு காரணம்.

உணவை ஒட்டுமொத்தமாக நிறுத்தினால் டி அணுவும் சாகும். களைக்கொல்லி பயிரையும் கருக்கிய கதைதான். எனவே இரண்டின் பசியும் எங்கே வேறுபடுகிறது என்பதே கேள்வி. 2019-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் குளூட்டமைன் பயன்பாட்டைத் தடுத்தனர். கட்டி தளர்ந்தது, டி அணுக்களோ மாற்றுவழியில் ஆற்றல் தேடி வலுப்பெற்றன. எலி மனிதனன்று என்பதை மறக்கலாகாது. டிரிப்டோஃபானைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும் எபகாடோஸ்டாட், எலிகளில் நம்பிக்கையளித்தும், 2018-இல் தோல் புற்றுநோயரிடம் நடந்த பெருஞ்சோதனையில் பயனற்றுப்போனது.

நமக்கு நம்பிக்கை தருவது மலையடிவாரத்து வேலூர். நோயாளியின் டி அணுக்களை எடுத்து, மரபணு மாற்றிப் பெருக்கித் திரும்பச் செலுத்தும் கார்-டி சிகிச்சைக்கு அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அணுக்களைத் தன் வளாகத்திலேயே, ஏறத்தாழ ஒன்பது நாள்களில், ஆயத்தம் செய்தது. 2025-இல் வெளியான முடிவுகளில் இரத்தப் புற்றுநோயர் அனைவரும் நோய்த்தணிவு கண்டனர். நிணநீர்ப் புற்றுநோயரில் பாதிப்பேரே பயன்பெற்றனர். வளர்ப்பூடகத்தில் எதை ஊட்டுகிறோம் என்பது டி அணுவின் பிற்காலத் தாக்குப்பிடிப்பையும் தீர்மானிக்கிறது. அணுவை இங்கேயே வளர்க்க முடியுமெனில், அதன் உணவைப் பற்றிய ஆய்வும் இங்கேயே நிகழவேண்டும். அயல்நாட்டு விலைப்பட்டியலுக்குக் காத்திருத்தல் தகாது.

நண்பரிடம் திரும்பினோம். நாம் உண்ணாவிட்டாலும் கல்லீரலும் தசையும் கரைந்து இரத்தத்தில் சர்க்கரை நிற்கும், கட்டி தன் பங்கை எடுத்துக்கொள்ளும், மெலிவது நீங்கள்தான் என்றோம். மருத்துவரும் அதையே சொன்னதாக முணுமுணுத்தார். மலையிலிருந்து கொண்டுவந்த சாமையைச் சோறாக்கி வைத்தோம். பாதி உண்டார்.