பதினைந்தாயிரம் ரூபாவுக்கு ஒரு சாகசப் புத்தகம்

இலங்கை மலையகத்தின் தெல்தோட்டையில் நாலைந்து இளைஞர்கள் சேர்ந்து ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட ஆசைப்பட்டால் முதலில் முட்டுவது விலையில்தான். அமெரிக்காவில் 2022இல் 49.95 டொலர் என்று விலை போட்டு வந்த ஒரு சாகசப் புத்தகம், டொலர் 300 ரூபாவைச் சுற்றி நிற்கும்போது, தபால் செலவைச் சேர்க்காமலே 15,000 ரூபாவைத் தொட்டுவிடுகிறது. 2024இல் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தக் கணக்கில் பதினொரு நாள் கொழுந்து பறித்த காசு ஒரே புத்தகத்தில் போய்விடும். வாங்குவதற்கு முன் நாலு தடவை யோசிக்கத்தான் வேண்டும்.

‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரைப் பார்த்தவர்களுக்கு இந்த விளையாட்டு பழக்கமானதுதான். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்லி, இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய இது 1974இல் வெளிவந்தது. சாகசப் புத்தகம் கதை நடத்துகிறவருக்கு மட்டுமான சரக்கு: ஊரின் வரைபடம், வில்லனின் திட்டம், வழியில் எதிர்ப்படும் பிராணிகள், கடைசியில் கிடைக்கும் புதையல். விளையாடுகிறவர்கள் அதைத் திறந்துகூடப் பார்க்கக்கூடாது. ஐந்து பேர் பங்கு போட்டு வாங்கினாலும் படிக்கப்போவது ஒருவர்தான் என்பதைச் சண்டை வருவதற்கு முன்பே பேசிக்கொள்வது நல்லது.

காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் ஆடுகிற மலையகத்தில் புத்தகத்துக்கும் ஆட்டத்துக்கும் உள்ள தூரத்தை விளக்க வேண்டியதில்லை. பாட்டும் வசனமும் கூத்து மாஸ்டரின் கொப்பியில் இருக்கும். மாசிக் குளிரில் சனத்தை விடிய விடிய உட்கார வைப்பது கொப்பியால் ஆகிற வேலையா? ஒரு பெரிய வேறுபாடு மட்டும் உண்டு. கூத்தில் மன்மதன் எரிந்தே ஆகவேண்டும். இந்த விளையாட்டிலோ மன்மதன், “சிவன் பக்கமே நான் போகவில்லை, அம்பை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறேன்” என்று சொல்லிவிடலாம். சொல்வான். அந்த நேரத்தில் நடத்துகிறவருக்குப் புத்தகம் என்ன கைகொடுக்கிறது என்பதை வைத்துத்தான் அதன் விலையை எடைபோட வேண்டும். அட்டைப் படமும் பளபளப்புத் தாளும் அதற்குப் பிறகு.

இப்படிப் பார்க்கத் தகுந்த புத்தகம் ஒன்று 2022 ஜூலையில் வந்தது: ‘ஜேர்னிஸ் த்ரூ த ரேடியண்ட் சிட்டடெல்’. 224 பக்கம், பதின்மூன்று தனித்தனிச் சாகசங்கள். எழுதியவர்கள் அனைவரும் கறுப்பின, ஆசிய, லத்தீன் அமெரிக்கப் பின்னணி கொண்டவர்கள். இந்த விளையாட்டின் வரலாற்றில் அப்படி ஒரு புத்தகம் வந்தது அதுவே முதல் தடவை. திட்டத்தை முன்னின்று நடத்திய இருவரில் ஒருவர் அஜித் ஜோர்ஜ். தமிழ்நாட்டில் ஓசூருக்கு அருகே, மிக ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக 1997இல் தொடங்கப்பட்ட சாந்தி பவன் உறைவிடப் பள்ளியின் நிர்வாகத்தில் பணியாற்றியவர். கொல்கத்தாவைச் சேர்ந்த தலித் எழுத்தாளர் மிமி மண்டல் எழுதிய ‘இன் த மிஸ்ட்ஸ் ஆஃப் மணிவர்ஷா’வும் இதில் உண்டு. வங்காளத்தின் சாயலில் அமைந்த சங்கபூமி என்ற நாடு. ஆற்றங்கரை ஊரில் போட்டி நடக்கும்போது வெள்ளம் வந்து ஆட்களை அடித்துக்கொண்டு போகிறது. தேடிப் போகிறவர்கள் மணிவர்ஷக் காட்டுக்குள் நுழைகிறார்கள். கோட்டை, குதிரைவீரன், பனிமலை என்றே பழகிய விளையாட்டில், ஆறும் அதன் கோபமும் கதையாவதை நம்மவர்கள் ரசிக்கத் தனிப் பயிற்சி வேண்டாம்.

ஆனால் நம்ம பக்கத்துக் கதை என்ற பாசத்தில் பணத்தைப் போடக்கூடாது. மணிவர்ஷா ஒன்பதாம் நிலைப் பாத்திரங்களுக்கானது. முதல் நிலையில் புதிதாகத் தொடங்கும் குழு அந்த நிலைக்கு ஏற மாதக்கணக்கில் ஆடவேண்டும். அல்லது நேரே அந்த நிலையிலேயே பாத்திரங்களை உருவாக்கி, பழக்கமில்லாத மந்திரங்களோடும் சக்திகளோடும் திணறவேண்டும். இன்னொரு குறை புத்தகத்தின் பெயரிலேயே இருக்கிறது. ரேடியண்ட் சிட்டடெல் என்ற அற்புத நகரத்தைப் பக்கம் பக்கமாக வர்ணித்துவிட்டு, அந்த நகருக்குள்ளேயே நடக்கிற சாகசம் ஒன்றைத் தராமல் விட்டுவிட்டார்கள். நகரம் வெறும் பஸ் நிலையமாக நிற்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகும், இங்குள்ள ஒரு குழு ஒரே ஒரு கெட்டி அட்டைப் புத்தகம்தான் வாங்க முடியும் என்றால், இந்த மாதிரித் தொகுப்பே மேல். இந்த விளையாட்டில் புகழ்பெற்ற ‘கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்’ (2016) 256 பக்கத்தில் ஒரே நெடுங்கதை. நெடுங்கதையை முடிக்க அதே ஐந்து பேர் வாராவாரம் கூடவேண்டும். ஒருவருக்கு உயர்தரப் பரீட்சை, ஒருவருக்குக் கொழும்பில் வேலை, ஒருவர் கட்டாருக்குப் போய்விடுவார். பாதியில் நின்ற நெடுங்கதை அலுமாரிக்குத்தான் அழகு. ஓரிரு இரவில் முடிகிற கதையென்றால் வந்தவர்களை வைத்து ஆடிவிடலாம்.

மொழி விஷயத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும். புத்தகம் ஆங்கிலத்தில், ஆட்டம் தமிழில். கட்டம் போட்டு ‘வாசித்துக் காட்டவும்’ என்று தந்திருக்கும் வர்ணனைகளை நடத்துகிறவர் அந்த இடத்திலேயே தமிழாக்க வேண்டும். நாலு வரிக் கட்டமென்றால் சமாளிக்கலாம்; அரைப்பக்கம் ஓடினால் எதிரே இருப்பவர் போனை எடுத்துவிடுவார். கடையில் புரட்டிப் பார்க்கிறவர் முதலில் இந்தக் கட்டங்களின் நீளத்தைப் பார்க்கட்டும். அடுத்து, ஏதாவது ஒரு பாத்திரத்தைப் பிடித்து, அவர் என்ன விரும்புகிறார், யாருக்குப் பயப்படுகிறார் என்பது ஒரு நிமிடத்தில் கண்ணில் படுகிறதா என்று பார்க்கட்டும். ஆட்டக்காரர்கள், “ஆற்றுக்குள் இறங்கமாட்டோம், மலைப்பாதையில் சுற்றிப் போகிறோம்” என்று அடம்பிடிக்கும்போது, ஆற்றின் அழகான வர்ணனையால் ஒரு பயனும் இல்லை. ஆற்றுக்குள் இருப்பது எதற்காகக் கோபப்படுகிறது என்று தெரிந்தால் அது மலைப்பாதைக்கும் வந்துவிடும்.

15,000 இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. 2023 ஜனவரியில், விதிகளைப் பிறர் பயன்படுத்தும் உரிமம் தொடர்பாக ரசிகர்கள் கொதித்தெழுந்த பிறகு, விளையாட்டை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், யாரும் தமிழாக்கலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம். விதி கைக்கு வந்துவிட்டால் கதைக்கா பஞ்சம்? தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர மலை தெல்தோட்டைக்குப் பக்கத்தில்தான். பனி இறங்கும் அந்த மலையில் காணாமற்போன கங்காணி ஒருவரைத் தேடும் கதையைக் கட்ட யாரும் டொலர் கேட்கமாட்டார்கள்.

பங்கு போட்டு ரேடியண்ட் சிட்டடெல்லை வாங்கிவிட்டவர்கள் மணிவர்ஷாவுக்கு அவசரப்படாமல் முதல் கதையான ‘சால்டட் லெகசி’யில் தொடங்கலாம். முதல் நிலைக்கானது. தாய்லாந்துச் சாயலில் ஓர் இரவுச் சந்தை, பகைத்துக்கொண்ட இரண்டு வியாபாரக் குடும்பங்கள். பெரஹெரா காலத்துக் கண்டிக் கடைத்தெருவைப் பார்த்து வளர்ந்தவர் அதை மனதுக்குள் வைத்துக்கொண்டு நடத்தினால், வாசித்துக் காட்டும் கட்டங்களில் பாதியைத் தாண்டிவிடலாம்.