மலையேறும் நுளம்பை யார் எண்ணுவது?

கௌரவ சுகாதார அமைச்சர் அவர்களுக்கு,

“இந்தக் குளிரில் ஏது நுளம்பு!” என்று மலையகத்தில் சொல்லிப் பழகிவிட்டோம். 2017இல் நாடெங்கும் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்டு, 400க்கும் அதிகமானோர் இறந்தபோதும் அடி பெரிதாக விழுந்தது மேல் மாகாணத்தில்தான். அங்கே கூடுதல் கவனம் செலுத்துவதில் பிழையில்லை. குளிர் எங்களைத் தொடர்ந்து காக்கும் என்று விட்டுவிடுவதுதான் பிழை.

100 மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 0.6 பாகை குறையும். அப்படியானால், காலநிலை ஒரு பாகை சூடாகும்போது கீழேயிருந்த சூடு 150 மீற்றருக்கு மேல் மலையேறிவிடும். ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையிலான உயரமே 600 மீற்றர்தான். டெங்கு வைரசு நுளம்பின் உடலில் முதிர 25 பாகை செல்சியஸில் இரண்டு வாரம் அளவில் ஆகும். 30 பாகையில் ஒரு வாரமே போதும். நுளம்பின் ஆயுளோ சில வாரங்கள். குளிரில் வைரசு முதிருமுன்னே நுளம்பு செத்துப்போகும். எங்களைக் காத்துவந்தது இந்தக் கால இடைவெளிதான். சூடு ஏற ஏற அது சுருங்குகிறது.

வானிலை மாறினால் நோயின் எல்லையும் மாறும் என்பது இந்த நாடு பட்டறிந்த பாடம். 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மகா ஓயாவும் தெதுறு ஓயாவும் ஓட்டம் நின்று குட்டைகளாகத் தேங்கின. வழக்கமாக வெள்ளம் அடித்துச் செல்லும் குடம்பிகள் அந்தக் குட்டைகளில் பெருகின. மலேரியா அதிகம் அறியாத கேகாலைப் பக்கத்து மக்களுக்கு நோயெதிர்ப்பும் இருக்கவில்லை. அந்தக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள்.

அதே மலேரியாவை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் சான்றளித்தது. அந்த ஆண்டின் இறுதியில், கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகும் அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்ற புதிய மலேரியா நுளம்பு மன்னாரில் அகப்பட்டது. உள்ளூரில் தொற்றிய நோயாளர் ஒருவரும் இல்லாத வேளையிலும் பூச்சியியல் ஆய்வாளர்கள் தேடிக்கொண்டிருந்ததால்தான் அது கண்ணில் பட்டது. மலைகளில் டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பையும் அப்படித் தேட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

டெங்கு மலையேறுகிறதா என்பதை நோயாளரை எண்ணி அறிய முடியாது. எங்கள் பிள்ளைகள் கொழும்புக் கடைகளில் வேலை செய்கிறார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் காய்ச்சலோடு ஊர் திரும்புபவர்களும் உண்டு. அவர்களுக்கு நோய் எங்கே தொற்றியது என்று வைத்தியசாலைப் பதிவேடு சொல்லாது. அவர்கள் திரும்பிவரும் தோட்ட லயத்தில் ஈடிஸ் இருக்கிறதா என்று பார்த்தால்தான் நோய் அங்கே பரவுமா என்பது தெரியும்.

ஆகவே மூன்று காரியங்கள் கேட்கிறேன். ஒன்று: கினிகத்தேனை முதல் நுவரெலியா வரை, உயரப் படிநிலை வாரியாக, மாதந்தோறும் குடம்பிக் கணக்கெடுப்பு வேண்டும். தோட்டங்களையும் விட்டுவிடக் கூடாது. இரண்டு: அதன் முடிவுகளைப் பிரிவு வாரியாகத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடுங்கள். மூன்று: தண்ணீர். பீலியில் நீர் வற்றினால் லயத்து மக்கள் பீப்பாயில் பிடித்துவைப்பதைத் தவிர வேறு வழியில்லை. 2007ஆம் ஆண்டின் நுளம்பு பெருக்கத் தடைச் சட்டத்தைக் காட்டித் தண்டம் அறவிடுமுன், குழாய்நீருக்கும் பீப்பாய் மூடிக்கும் வழி செய்யுங்கள்.

இதற்குப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. பயிற்சி பெற்ற சில உத்தியோகத்தர்கள், ஒரு வாகனம், தோட்டத்துக்குள் நுழைய நிர்வாகங்களின் ஒத்துழைப்பு ஆகியவை போதும். அடுத்த தென்மேற்குப் பருவமழைக்கு முன் முதல் கணக்கெடுப்பை முடித்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மலையக வாசி ஒருவர்
ஹட்டன்