ஆரைக் கேட்டு ஆறு மணி?

எங்கட வாசிப்பு வட்டத்துக்கு ஒரு செயலி தெரிவு செய்யப் போய் போன கிழமை சண்டை. டொகிள், ஆர் எத்தினை மணித்தியாலம் வேலை செய்தது எண்டு கணக்கு வைக்கும். டூடுல், எல்லாருக்கும் தோதான நேரத்தைக் கேட்டுக் கூட்டம் குறிக்க உதவும். 'வேலை செய்யாத ஆக்களைப் பிடிக்க டொகிள்தான் வேணும்' எண்டு சிலர் நிண்டினம். நாங்கள் அதை மறுக்கிறம்.

கூட்டம் எப்பவும் பின்னேரம் ஆறு மணிக்கு. அதை வைச்சது மோட்டார் சைக்கிள் இருக்கிற பொடியள். நெடுந்தீவுக்காரி குறிகட்டுவானில படகு பிடிக்க வேணும். பருத்தித்துறைக்காரி இருட்டமுதல் பஸ் ஏற வேணும். அடுப்படியில நிண்டு போனில மெய்ப்புப் பார்க்கிறவள் டொகிளின்ர பொத்தானை அமத்த மறந்தால் அந்த உழைப்பு கணக்கில இல்லை. (பிறகு கையால பதியலாமாம். அதுவும் அவளின்ர வேலைதானே!) ஆறு மணிக்கு அவள் வராதது மட்டும் எல்லாற்ற கண்ணிலும் படுது.

மணிக்கூட்டை ஆர் வைக்கிறது எண்டது இஞ்ச பழைய கேள்வி. 1996இல் மின்சாரத் தட்டுப்பாட்டுக்காக அரசு நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி, பிறகு அரை மணித்தியாலம் குறைத்தது. புலிகளின் வன்னி பழைய நேரத்திலேயே நிண்டது. 2006 வரை ஒரே தீவில் இரண்டு நேரம்.

டூடுலிலும் தெரிவுகளை முதலில் போடுறவரின் கைதான் ஓங்கும். அதனால் இந்த முறை வாக்கெடுப்பைத் திறக்கப் போறது நெடுந்தீவுக்காரி.