திருத்தத்திற்கும் சாட்சி வேண்டும்

நூல் பட்டுவாடாவை எக்ஸெல் ஏட்டில் எழுதும் சங்கங்கள் இன்று பல. பேரேட்டில் மையால் எழுதியதைத் திருத்தினால், அடித்த கோடாவது தெரியும். எக்ஸெல் கட்டத்திலோ பழைய எண்ணின் சுவடு தெரிவதில்லை. 3 கிலோ நூல் பெற்ற நெசவாளர் பேரில் 5 கிலோ என்றாகிவிட்டால், மீதி 2 கிலோவுக்கு அவர் கூலியிலன்றோ பிடித்தம்!

இதற்கு மாக்ரோ எனும் சிறு கட்டளைத் தொடர் போதும். ஒரு கட்டத்தில் எண் மாறியவுடன் தேதி, நேரம், பழைய எண், புதிய எண் ஆகியவற்றைத் தனித் தாளில் அது வரிசையாக எழுதிவிடும். நேரத்திற்கு 'நௌ' என்னும் சூத்திரத்தை இட்டு அமைதல் தகாது. ஏடு மறுபடி கணக்கிடப்படும் பொழுதெல்லாம் அந்நேரமும் மாறிவிடும். மாக்ரோ எழுதியபின் 'அன்டூ' இயங்காதெனக் குறைகூறுவாரும் உளர். கணக்கேட்டிற்கு அது நன்றே என்போம்.

ஆயினும் மாக்ரோவை முடக்கி ஏட்டைத் திறந்தால் சாட்சியும் ஊமையாகிவிடும். இணையத்தினின்று பெற்ற ஏடுகளில் மாக்ரோக்களை மைக்ரோசாப்ட் 2022 முதல் தானாகவே தடுத்தும் வருகிறது. ஆகவே மாதந்தோறும் அத்தாளை அச்சிட்டு, கணக்கு எழுதாத நிர்வாகக் குழு அங்கத்தினர் ஒருவர் நூல் இருப்புடன் ஒப்பிட்டுக் கையொப்பமிட வேண்டும். கேட்கும் அங்கத்தினர் எவருக்கும் அதைக் காட்டவும் வேண்டும்.