ஓடிக்கொண்டிருந்த இதழை ஏன் நிறுத்தினார்கள்?

ஒரு பத்திரிகை விற்காமல் நின்றுபோனால் மனசு எப்படியோ ஆறிவிடும். வாங்க ஆளில்லை, காகித விலை ஏறிவிட்டது, ஆசிரியருக்குத் தள்ளாமை வந்துவிட்டது என்று ஏதாவது ஒரு காரணம் கண்ணுக்குத் தெரியும். 'டிராகன்', 'டன்ஜன்' என்ற இரண்டு அமெரிக்க இதழ்களின் விஷயத்தில் அந்த ஆறுதலுக்கும் வழியில்லை. 2007 ஏப்ரல் 19 அன்று அறிவிப்பு வந்தது. அந்தப் பெயர்களுக்கு உரிமையாளரான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், அவற்றை வெளியிட்டுவந்த பைசோ நிறுவனத்துக்கு உரிமத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை. செப்டம்பரோடு அச்சு நிற்கும். 'டிராகன்' 359-ஆம் இதழோடு முடியும், 'டன்ஜன்' 150-ஆம் இதழோடு முடியும். சொன்ன காரணம், இந்த மாதிரி விஷயங்களுக்கெல்லாம் ஜனங்கள் இப்போது இணையத்துக்குத்தான் போகிறார்கள் என்பது.

இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் காரணத்தைக் கேட்டால் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை.

இந்த இதழ்கள் எந்த விளையாட்டுக்காக வந்தனவோ அதைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனிவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்தது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கியது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொள்வார்கள். ஒருத்தி மந்திரக்காரி, ஒருவன் வாள்வீரன், இன்னொருவன் பூட்டுடைக்கும் திருடன். ஒருவர் மட்டும் டன்ஜன் மாஸ்டராக இருந்து கதையை நடத்திக்கொண்டு போவார். "கதவைத் திறக்கிறேன்" என்று வீரன் சொன்னால் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவர்தான் சொல்லவேண்டும். வீசிய வாள் பட்டதா, தவறியதா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும்.

ஆடுகிறவர்கள் கையை வீசிக்கொண்டு வந்துவிடலாம். நடத்துகிறவர் பாடுதான் பாடு. குகைக்கு வரைபடம் வேண்டும். ஊர்த்தலைவன் ஏன் பொய் சொல்கிறான் என்று தெரிந்திருக்கவேண்டும். மூன்றாவது அறையில் இருக்கும் மிருகம் எத்தனை அடி தாங்கும், புதையலில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் இருக்கவேண்டும். வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை மாலை நண்பர்களுக்கு இதையெல்லாம் புதிதாகக் கட்டித் தரவேண்டும் என்றால் யாரால் முடியும்? நான் நடத்துகிறவன். வலி தெரிந்து சொல்கிறேன்.

'டன்ஜன்' 1986-இல் தொடங்கப்பட்டதே இதற்காகத்தான். அப்படியே எடுத்து நடத்தக்கூடிய சாகசங்கள், வரைபடத்தோடும் படங்களோடும். கடைசி வருஷங்களில் ஓர் இதழுக்கு மூன்று என்று வைத்திருந்தார்கள்: ஒன்று புதிதாகத் தொடங்கும் பாத்திரங்களுக்கு, ஒன்று கொஞ்சம் தேறியவர்களுக்கு, ஒன்று பழுத்த வீரர்களுக்கு. மாதாமாதம் தொடர்ந்து ஓராண்டு ஓடும் நெடுங்கதைகளையும் இந்த இதழ்தான் கொடுத்தது. 'ஏஜ் ஆஃப் வோர்ம்ஸ்', 'சாவேஜ் டைட்' என்று இரண்டின் பெயரைச் சொன்னால் போதும், அந்தக் காலத்தில் நடத்தியவர்கள் இன்னமும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

'டிராகன்' அதைவிடப் பத்து வயது மூத்தது. 1975-இல் தொடங்கி 'ஸ்ட்ராடஜிக் ரிவ்யூ' என்று ஏழு இதழ்கள் வந்த ஒரு சின்னப் பத்திரிகைதான் 1976 ஜூனில் டிம் காஸ்க் ஆசிரியராக இருக்க 'தி டிராகன்' ஆனது. இதில் என்னதான் இல்லை! நடுப்பக்கத்தில் ஒரு முழு விளையாட்டையே வைத்துத் தைத்து அனுப்புவார்கள். டாம் வாம் உருவாக்கிய 'தி ஆஃபுல் கிரீன் திங்ஸ் ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' அப்படித்தான் 1979-இல் முதலில் வெளிவந்தது. 1985 ஆகஸ்டில் வந்த நூறாவது இதழில், ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று பலகைகளில் ஆடும் சதுரங்கம் ஒன்றைக் கைகாக்ஸே எழுதியிருந்தார். விதிகளில் சந்தேகம் கேட்பவர்களுக்கு 'சேஜ் அட்வைஸ்' பகுதி. மந்திரப் பொருள்களுக்கு ஒரு பகுதி. லாரி எல்மோரின் 'ஸ்னார்ஃப்க்வெஸ்ட்', ஃபில் ஃபோலியோவின் 'வாட்ஸ் நியூ' போன்ற சித்திரத் தொடர்கள். டேவிட் டிராம்பியர் வரைந்த 'வோர்மி' 1988-இல் கதை பாதியில் இருக்கும்போதே நின்றுபோனது. அதன் முடிவு என்ன என்று தெரியாமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

எனக்கு மிகப் பிடித்தது உயிரினங்களைப் பற்றிய கட்டுரை வரிசை. விதிப்புத்தகத்தில் பியர்சர் என்று ஒரு ஜந்து உண்டு. குகைக் கூரையில் சுண்ணாம்புக் கல்விழுதுபோலத் தொங்கிக்கொண்டிருக்கும், கீழே ஆள் வந்தால் தலையில் விழும். அதற்கு மேல் அதைப் பற்றி யாருக்கும் தெரியாது. 1983 ஏப்ரல் இதழில் கிறிஸ் எலியட், ரிச்சர்ட் எட்வர்ட்ஸ் என்ற இருவர் அதற்கு ஒரு வாழ்க்கையையே எழுதினார்கள். என்ன தின்னும், விழுந்தபின் எப்படித் திரும்ப ஏறும், எப்படிப் பெருகும் என்று ஓர் உயிரியல் ஆசிரியர் வகுப்பெடுப்பதுபோல. அதன்பின் ஒவ்வொரு ஜந்துவுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்றாகி, அது பல்லாண்டு ஓடியது. எத்தனை அடி தாங்கும் என்ற எண்ணாக மட்டும் இருந்த ஒன்றை உயிருள்ளதாக நினைக்க அந்தக் கட்டுரைகள்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தன.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த இரண்டு இதழ்களிலும் பெரும்பகுதியை எழுதியவர்கள் யார்? வாசகர்கள். எப்படி எழுதி அனுப்பவேண்டும் என்று வழிமுறை வைத்திருந்தார்கள். தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறை அனுப்பினால் அதைத் தபாலில் அனுப்பிவைப்பார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நூலகத்தில் வேலை பார்த்துவந்த எட் கிரீன்வுட், சிறுவயதிலிருந்தே தான் கற்பனை செய்துவந்த ஓர் உலகத்தை வைத்து 'டிராகன்' இதழுக்கு எழுத ஆரம்பித்தார். அவருடைய முதல் பங்களிப்பு 1979 அக்டோபர் இதழில் வந்தது. எல்மின்ஸ்டர் என்ற கிழட்டு மந்திரவாதி சொல்வதாகத் தொடர்ந்து எழுதினார். படித்தவர்களுக்கு அந்த உலகம் பிடித்துப்போனது. இதழின் அப்போதைய பதிப்பகம் அதை விலைக்கு வாங்கி 1987-இல் 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' என்று வெளியிட்டது. 'பால்டர்ஸ் கேட்' கணினி விளையாட்டு நடப்பது அந்த உலகத்தில்தான். 2023-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் திரைப்படம் நடப்பதும் அதில்தான். ஒரு வாசகர் தபாலில் அனுப்பிய கட்டுரையிலிருந்து கிளம்பியது இவ்வளவும்.

கிறிஸ் பெர்கின்ஸ் 'டன்ஜன்' இதழுக்கு ஒரு சாகசம் எழுதி அனுப்பினார், 1988-இல் பதினோராவது இதழில் வந்தது. பின்னாளில் அந்த இதழுக்கே ஆசிரியரானார், பிறகு விளையாட்டையே வடிவமைக்கும் இடத்துக்கு உயர்ந்தார். இப்படி வந்தவர்கள் பலர். எங்கோ ஒரு சிற்றூரில் உட்கார்ந்து எழுதும் பையனின் கைப்பிரதியை, ஒரு நல்ல ஆசிரியர் படித்துப் பார்த்து, அடித்துத் திருத்தி, பணமும் கொடுத்து, நாடு முழுக்க வாசகர்கள் கையில் சேர்த்த ஏற்பாடு அது. அதை நிறுத்தியது விதைநெல்லை அவித்துத் தின்ற காரியம். இதை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

"எல்லாம்தான் இணையத்தில் இருக்கிறதே" என்கிறார்கள். இருக்கிறதுதான். ஆயிரக்கணக்கில் இருக்கிறது. அதில் எது நடத்திப் பார்த்தது, எது பாதி ராத்திரியில் கிறுக்கியது என்று யார் பிரித்துச் சொல்வது? வரைபடத்தில் கதவே இல்லாத அறை, கதையில் செத்துப்போனவன் அடுத்த பக்கத்தில் வந்து பேசுவது என்று எத்தனை பார்த்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை ஆட்கள் வந்து உட்கார்ந்தபின் நடத்துகிறவன் தேடிக்கொண்டிருக்க முடியுமா? ஆசிரியர் குழு ஒன்று படித்துப் பொறுக்கி, பிழை திருத்தி, மூன்றை எடுத்து மேசையில் வைத்ததே, அந்த உழைப்புக்கு மாற்று எது?

கடையில் கிடப்பதற்கும் ஒரு பலன் இருந்தது. புத்தகக் கடையின் பத்திரிகை அடுக்கில் பறவைநாகப் படத்தோடு கிடக்கும் அட்டையைப் பார்த்துத்தான் எத்தனையோ பிள்ளைகள் இப்படி ஒரு விளையாட்டு இருப்பதையே தெரிந்துகொண்டார்கள். கையில் இருக்கும் காசுக்கு ஓர் இதழ் வாங்கலாம். கடன் அட்டையும் மாதச் சந்தாவும் கேட்கும் தளத்துக்குள் பன்னிரண்டு வயதுப் பிள்ளை எப்படி நுழையும்?

இணையத்துக்குக் கொண்டுபோனதையாவது காப்பாற்றினார்களா என்றால் அதுவும் இல்லை. 360-ஆம் இதழிலிருந்து 'டிராகன்' இணையத்தில் வந்தது. 2008-இல் விளையாட்டின் நான்காம் பதிப்பு வந்தபோது இரண்டு இதழ்களும் கட்டணச் சந்தாவுக்குள் போயின. 2013 டிசம்பரோடு அவையும் நின்றன. 2015-இல் 'டிராகன் பிளஸ்' என்று கைபேசிச் செயலியாக ஒன்று வந்தது, 2022-இல் அதற்கும் மூடுவிழா. அச்சில் முப்பத்தொரு வருஷம் நின்ற பெயர், அதன்பின் எந்த வடிவத்திலும் பத்து வருஷம்கூடத் தாங்கவில்லை. இணையம்தான் எதிர்காலம் என்று சொல்லி எங்கள் கையிலிருந்து பிடுங்கியவர்கள் இதற்குப் பதில் சொல்லவேண்டாமா?

அச்சுக்கு ஆளில்லை என்ற வாதத்தை அந்த 2007-லேயே பொய்யாக்கிக் காட்டினார்கள். இதழ் பறிபோன பைசோ, அந்த வருஷம் ஆகஸ்டிலேயே 'பாத்ஃபைண்டர்' என்று மாதச் சாகச நூல் வரிசையைத் தொடங்கியது. பாக்கிச் சந்தாவை அதற்கு மாற்றிக்கொள்ளும் வசதியையும் சந்தாதாரர்களுக்குக் கொடுத்தது. இரண்டு வருஷத்தில் அது தனி விளையாட்டாகவே வளர்ந்து, 2011 வாக்கில் அமெரிக்கக் கடைகளின் விற்பனைக் கணக்கில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸையே முந்தியது. இரண்டு இதழ்களிலும் ஆசிரியர் பொறுப்பில் இருந்த வுல்ஃப்காங் பவுர் 2007-லேயே 'கோபோல்ட் குவார்ட்டர்லி' என்று காலாண்டிதழ் ஒன்றைத் தொடங்கி, 2012 வரை இருபத்துமூன்று இதழ்கள் கொண்டுவந்தார். பெரிய நிறுவனத்தின் பின்பலம் இல்லாமல் செய்தது அது. வாசகர்கள் இருந்தார்கள் என்பதற்கு இன்னும் என்ன சாட்சி வேண்டும்?

இங்கிலாந்துக்காரர்களுக்கு இந்த வலி முன்னமே தெரியும். 1977-இல் லண்டனில் இயன் லிவிங்ஸ்டன் தொடங்கிய 'ஒயிட் டுவார்ஃப்' முதலில் எல்லா விளையாட்டுக்கும் இடம் கொடுத்தது. எண்பதுகளின் கடைசியில் அதை வெளியிட்ட நிறுவனத்தின் சொந்த வார்ஹாமர் பொம்மைப் படைகளுக்கு மட்டுமே உரியதாகிவிட்டது. பெயர் இன்றும் கடையில் இருக்கிறது. பழைய வாசகன் அதைப் புரட்டிப் பார்த்தால் அவனுக்கு அதில் ஒன்றுமில்லை.

பழைய இதழ்களைப் படிக்கவாவது வழி உண்டா? 1999-இல் 'டிராகன்' இதழின் முதல் 250 எண்களையும் குறுந்தகடுகளில் தொகுத்து வெளியிட்டார்கள். நல்ல காரியம். ஆனால் எழுதியவர்கள் பலர் ஒருமுறை அச்சிடும் உரிமையை மட்டுமே கொடுத்திருந்தார்கள் என்று உரிமைச் சிக்கல் கிளம்பியது. எழுத்தாளர்கள் கேட்டதில் தப்பே இல்லை, அவர்கள் உழைப்பு அவர்களுடையது. அவர்களோடு உட்கார்ந்து பேசி, உரியதைக் கொடுத்து, மறுபடி முழுமையாகக் கொண்டுவந்திருக்கவேண்டும். 250-க்குப் பிறகு வந்த நூற்றுச் சொச்சம் இதழ்களுக்கு அப்படி ஒரு தொகுப்பு வரவே இல்லை. விளையாட்டு இன்று உலகம் முழுக்கப் பரவிப் பணம் கொட்டுகிறது. அதை வளர்த்த பத்திரிகையைத் தேடுகிறவன் பழைய புத்தகக்காரர்களிடம் அவர்கள் சொல்லும் விலைக்கு நிற்கவேண்டியிருக்கிறது.

கைகாக்ஸ் 2008 மார்ச் 4 அன்று காலமானார். அச்சில் கடைசி 'டிராகன்' வந்து அரை வருஷம்தான் ஆகியிருந்தது. அவர் தொடங்கிய பத்திரிகை, அவரை வழியனுப்ப ஓர் அஞ்சலி இதழ் அச்சிடும் நிலையில்கூட இல்லை.

உரிமை வைத்திருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மாத இதழ் முடியாவிட்டால் வருஷத்துக்கு நாலு கொண்டுவாருங்கள். கெட்டிக்கார ஆசிரியர் ஒருவரை உட்காரவையுங்கள். தபாலில் வருவதைப் படியுங்கள், நன்றாக இருந்தால் காசு கொடுத்துப் போடுங்கள். பழைய எழுத்தாளர்களின் கணக்கைத் தீர்த்துவிட்டு 359 இதழ்களையும் 150 இதழ்களையும் நியாயமான விலைக்குக் கிடைக்கச் செய்யுங்கள்.

அதுவரை, உங்களில் யார் வீட்டுப் பரணிலாவது பழைய 'டிராகனோ' 'டன்ஜனோ' கிடந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். புதிதாக நடத்தத் தொடங்கும் ஒரு பிள்ளையின் கையில் கொடுங்கள்.