கையச்சுக் கலையும் கல்லூரி மாணவரும்

நூலொன்றைக் கையிலெடுத்துப் பயிலும் மாணவருள், அதன் எழுத்துக்கள் எவ்வாறு தாளிற் பதிந்தன என எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. படித்தலும் எழுதுதலுமே கல்வியெனக் கொண்டு, கையால் ஒன்றைச் செய்தலைத் தாழ்வாகக் கருதும் மனப்பான்மை நம்மிடையே இன்னும் நீங்கிற்றில்லை. இந்நோய்க்கு, பலகையிற் சித்திரத்தைச் செதுக்கி, மையிட்டு, தாளிற் பதித்தெடுக்கும் கையச்சுக் கலை நல்ல மருந்தாகும் என்பது எம் துணிபு.

தொடக்கத்தில் மரத்தினும் லினோலியமே ஏற்றது. 19-ஆம் நூற்றாண்டில் பிரெடெரிக் வால்டன் என்னும் ஆங்கிலேயர், ஆளிவிதை எண்ணெயையும் தக்கைத் தூளையும் கலந்து தரைவிரிப்பாக ஆக்கிய பொருள் அது. மரத்திற்குரிய ரேகை அதில் இன்மையால், உளி எத்திசையினும் தடையின்றிச் செல்லும். அச்சியந்திரமும் வேண்டா. சிற்றுளிகள் சில, ஓர் உருளை, மை, மெல்லிய தாள், தேய்த்தற்கு ஒரு கரண்டி ஆகிய இவையே போதும். மையைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிதாகப் பரப்பி, உருளையாற் பலகைமேல் ஏற்றி, அதன்மேல் தாளையிட்டுக் கரண்டியின் முதுகால் தேய்த்தெடுத்தலே முறையாம். பலகையைப் பற்றிய கை எப்பொழுதும் உளிமுனைக்குப் பின்னிருத்தல் வேண்டும் என்பது, புதியோர் முதற்கண் மனங்கொள்ள வேண்டிய விதி.

இக்கலை புகட்டும் பாடங்கள் இரண்டு. செதுக்கிய இடம் வெண்மையாகவும், செதுக்காது விட்ட இடம் கருமையாகவும் தாளிற் பதியும். எழுதுகோலாற் கீறியதை அழித்து மீண்டும் எழுதலாம். உளியால் அகற்றியதை மீண்டும் ஒட்டுதல் இயலாது. ஆதலின், கை செல்லுமுன் கருத்துச் செல்லுதல் வேண்டும். எதனைச் சேர்ப்பது என்பதினும் எதனை விடுவது என்பதையே இங்குப் பெரிதும் எண்ணுகின்றோம். இஃது எழுத்தாளர்க்கும் வேண்டற்பாலதன்றோ?

மற்றொன்று, பலகையில் யாவும் இடம் வலமாக மாறி நிற்றல் வேண்டும் என்பது. தமிழ் பயிலும் நாம் நாடோறும் ‘ழ’கரத்தை எழுதுகின்றோம், எனினும், அதனைத் திருப்பிச் செதுக்கும்பொழுதே அதன் வளைவொவ்வொன்றும் நம் கண்ணுக்குப் புலனாகின்றது. 1578-இல் கொல்லத்தில் வெளிவந்த ‘தம்பிரான் வணக்கம்’ முதலாக, 1715-இல் தரங்கம்பாடியில் அச்சேறி நிறைவெய்திய புதிய ஏற்பாடு ஈறாக, நம் பழைய அச்சு நூல்கள் யாவும் இவ்வாறு திரும்பிய முகமுடைய எழுத்துக்களாற் பிறந்தவையே. அவற்றை உருவாக்கிய கைகளின் உழைப்பை, ஓரெழுத்தேனும் செதுக்கினோரே உள்ளவாறு அறிவர்.

எளிய கருவியால் அரிய பயன் விளையுமோ எனின், விளையும். தண்டி யாத்திரை நிகழ்ந்த 1930-ஆம் ஆண்டில், கோலூன்றி நடக்கும் காந்தியடிகளை நந்தலால் போஸ் லினோலியத்திற் செதுக்கினார். கறுப்பும் வெள்ளையுமாகிய அச்சித்திரம் இன்றும் மக்கள் உள்ளத்தை விட்டு நீங்காது நிற்கின்றது.

பரீட்சைக்குப் படிக்கவே காலம் போதாதே என்பர் சிலர். நொடியில் ஆயிரம் படிகளைத் தரும் பொறிகள் இருக்க, இவ்வீண் முயற்சி ஏன் என்பர் வேறு சிலர். வாரத்திற்கு ஒரு மாலைப்பொழுது எவர் தேர்ச்சியையும் கெடுத்துவிடாது. பொறி படத்தைத் தரும். படத்தை நுணுகிக் காணும் கண்ணைத் தாராது. மை மிகின் நுண்கோடுகள் அடைபடும்; குறையின் உருவம் வெளிறும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அளவை எந்நூலும் கற்பிக்கவியலாது. பத்துத் தாள்களேனும் பாழான பின்னரே கை அதனை அறியும். பாழான தாளுக்கு மதிப்பெண் குறைப்பாரில்லாத கல்வி ஒன்றேனும் கல்லூரியில் இருத்தல் நன்றன்றோ?

ஆதலின், கல்லூரித் தலைவர்களை யாம் வேண்டுவது பெரிதன்று. ஓர் அறையில் ஒரு நீண்ட மேசை, சில உளிகள், ஓர் உருளை ஆகிய இவ்வளவே. பழைய மாணவர்களும் இதற்கு உதவ முன்வருவார்களாக. அடுத்த ஆண்டு மலரின் முகப்புச் சித்திரம் மாணவர் கையாற் செதுக்கப்பட்டதாக அமைக. அது சிறிது கோணியிருப்பினும் குற்றமில்லை. நம்முடையதாக இருத்தல் வேண்டும்.